காற்றுக்கு எதிரே வைத்த தட்டுகள்

2024 ஏப்ரல் இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை காலை, சூளகிரிக்கு மேற்கே ஓசூர் போகும் சர்வீஸ் ரோட்டில், ஆஞ்சப்பனின் கார் ஏசி பட்டறை முன்னால் ஒரு வெள்ளைக் கேரவன் வண்டி நின்றது. அதன் டேஷ்போர்டு ஏசியில் சுடுகாற்று வந்துகொண்டிருந்தது.

பெங்களூரில் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓடிய பழைய வண்டி அது. நடிகர்கள் உட்கார்ந்து எழுந்த சோபாவையும் கட்டிலையும் பிடுங்கிவிட்டு இரும்பு அடுக்குகள் பொருத்தியிருந்தார்கள். கழுவுதொட்டியும், சுற்றிலும் பல்பு வைத்த முகம்பார்க்கும் கண்ணாடியும் மட்டும் மிச்சம். கூரைமேல் இருந்த பெரிய ஏசி வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. டிரைவருக்கு முன்னால் இருக்கும் டேஷ் ஏசியின் காற்றை அகலமான பைப் வைத்துப் பின்பக்கம் திருப்பி விட்டிருந்தார் திம்மராயன். சுவருக்குள் பஞ்சுப்பலகை அடைத்த வண்டி என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. அந்த வண்டியில் இப்போது பட்டுப்புழு போகிறது.

திம்மராயனும் அவர் மனைவி செல்வம்மாளும் சூளகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாக்கி சென்டர் நடத்துகிறார்கள். முட்டையிலிருந்து வந்த புழுவைப் பிள்ளைபோல் வளர்த்து, அது இரண்டாவது முறை தோலுரிக்கத் தூங்கும் நேரத்தில் விவசாயிகளின் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர்கள் தொழில். தூங்கும்போது புழு தின்னாது, நகராது. அந்த நேரத்தில்தான் இடம் மாற்ற வேண்டும். விடிவதற்குள் கிளம்பியிருக்க வேண்டிய வண்டி. ஏசியைப் போட்டதும் அனல் அடித்தது.

ஆஞ்சப்பன் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா திம்மண்ணா, ஷூட்டிங் வண்டி காலங்காத்தால வந்துகீது. ஈரோயின் எங்க?”

“வூட்ல தூங்கறாங்க. ஒருத்தரா ரெண்டு பேரா, லட்சக்கணக்குல தூங்கறாங்க. முழிச்சிக்கறதுக்குள்ள கொண்டுபோயி வுடணும். சீக்கிரம் பாரு குரு.”

“கடசியா எவன் கை வச்சான்?”

“கிருஷ்ணகிரில ஒருத்தன் கேஸ் ஏத்துனான். ரெண்டு நாளு நல்லா இருந்திச்சு. அப்புறம் பர்கூர்ல ஒருத்தன் பைப்பத் தொட்டுப் பாத்து, கேஸ் கம்மின்னு அவனும் ஏத்துனான்.”

“தொட்டுப் பாத்தானா? டாக்டரு நாடி புடிக்கிற மாதிரி?” ஆஞ்சப்பன் சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினார். நீலக் குழாயை ஒரு பக்கமும் சிவப்புக் குழாயை இன்னொரு பக்கமும் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தார். இரண்டு முள்ளும் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றன. சிவப்பு முள் ஏறிக்கொண்டே போய், கம்ப்ரசர் டக்கென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது.

“கேஸ் கம்மி இல்லண்ணா. ரொம்பினு வழியுது. வயிறு முட்ட இருக்கறவனுக்கு இன்னும் ரெண்டு உருண்டை களி திணிச்சிகிறானுங்க.”

முன்பக்க வலையைக் கழற்றிக் காட்டினார். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரின் சன்னத் தகடுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தன. கிரானைட் மாவு. பர்கூர் ரோட்டில் கல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடிய வண்டி. அந்த மாவு எண்ணெயோடு சேர்ந்து சிமெண்டு பூசியது மாதிரி இறுகியிருந்தது.

“சூடு வெளிய போறதுக்கு வழியே இல்ல. அப்புறம் உள்ள எப்பிடி குளுரும்?”

இருந்த கேஸை வெளியேற்றினார். தண்ணீர்க் குழாயை மெதுவாகத் திறந்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவினார். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். சாம்பல் தண்ணீர் ரோட்டோரம் ஓடியது. பிறகு சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்த்தபோது ஓர் இடத்தில் மட்டும் சின்னக் குமிழி ஊதியது. ரப்பர் வளையத்தை மாற்றினார். குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்பை மாட்டிவிட்டார். அது ஓடி முடிகிறவரை வேறு வேலை இல்லை. ஆஞ்சப்பனின் காலைச் சாப்பாடு எப்போதும் பம்ப் ஓடும் நேரத்தில்தான்.

தூக்குவாளியில் ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும் இருந்தன. ஓர் உருண்டையைப் பிய்த்துத் திம்மராயன் தட்டில் வைத்தார். இரண்டு பேரும் டயர்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திம்மராயனின் போன் அடித்தது. கல்லாவிப் பக்கத்திலிருந்து ராமப்பன். செல்வம்மாளின் தம்பி.

“மாமா, எங்க வந்துகினு கீறீங்க?”

“இன்னும் கெளம்பலடா. ஏசி படுத்துகிச்சு. பட்டறைல கீறன்.”

“அய்யோ. இவ மல்பெரித் தழ அறுத்து ஈரச்சாக்குப் போட்டு மூடிகினு ஒக்காந்துகிறா மாமா. வெயிலு இப்பவே பல்லக் காட்டுது.”

“வந்துருவன்டா. பையன் இன்னா சொல்றான்?”

ராமப்பன் குரலைத் தாழ்த்தினான்.

“நவீனு ஒரே வார்த்தையா சொல்லிட்டான் மாமா. இந்த பேட்ச் கூடு கட்டிச்சின்னா தோட்டம் உனுது. கட்டலன்னா லாரி நிறுத்தறவனுக்குக் குடுத்துட்டு நீ கம்முனு இருன்னுட்டான். ரெண்டு பேட்ச் போச்சே, நான் இன்னான்னு வாயத் தொறக்கறது?”

“அதெல்லாம் வரும்டா. வையி.”

ஆஞ்சப்பன் விரலை நக்கிக்கொண்டே கேட்டார். “மச்சானா?”

“ஆமா. மழைல ஒரு பேட்ச் சீக்கு வந்து போச்சு. அடுத்தது, பக்கத்துல தக்காளிக்கு மருந்து அடிச்சான், அதுல போச்சு. ஊர்ல இவன் கையே ராசியில்லாத கைன்னு பேர் வச்சிட்டானுங்க. பட்டுப்பூச்சி வளக்கற கொட்டாய்க்குள்ள அவன் பொண்டாட்டியே அவன வுடறதில்ல. அவதான் தழ போடுவா. இவன் வெளிய ஒக்காந்துகினு தண்ணி மொண்டு குடுப்பான். பீடியக்கூட வுட்டுட்டான், பாவம்.”

“பீடி ஆவாதா?”

“நாத்தம் எதுவும் ஆவாது. பவுடரு, பூவு, கொசுவத்தி, ஒண்ணும் ஆவாது.”

ஆஞ்சப்பன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார். அன்று அந்த வண்டிப் பக்கத்தில் அவர் பீடி பற்றவைக்கவே இல்லை.

கேஸ் கேனைத் தராசில் வைத்து எடை பார்த்து, வண்டிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஏற்றினார். முட்கள் சொன்ன இடத்தில் நின்றன. ஆனால் காற்று வேகமாக வரவில்லை. கையுறைப் பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் புளோயர் பெட்டியைத் திறந்தார். நாற்றம் அடித்தது. காய்ந்த மல்பெரி இலையும் பஞ்சும் வைத்து எலி கூடு கட்டியிருந்தது. கூட்டில் இரண்டு எலிக்குஞ்சுகள் செத்துக் கிடந்தன. அவற்றைச் சுற்றிச் செவ்வெறும்பு மொய்த்து, காற்று போகும் வழியெல்லாம் வரிசை பிடித்திருந்தது.

திம்மராயன் பதறிவிட்டார். “எறும்பா? அய்யய்யோ. எறும்பு ஏறிச்சின்னா ஒரு தட்டு பூச்சியும் மிஞ்சாது. தூங்கற பூச்சி, ஓடக்கூடத் தெரியாது. ஒண்ணுகூட இருக்கக்கூடாது குரு.”

“நான் பாத்துக்கறன். ராத்திரி பூரா முழிச்சிருந்த மூஞ்சி, அந்தப் படுதா மேல செத்த சாயி.”

திம்மராயன் சாய்ந்ததும் தூங்கிப்போனார். எழுப்பும்போது டேஷ்போர்டு மூடப்பட்டிருந்தது. காற்றுத் துளையில் சொருகியிருந்த தெர்மாமீட்டரை ஆஞ்சப்பன் சிரித்துக்கொண்டே காட்டினார். எட்டு டிகிரி. ஓர் எறும்பு இல்லை.

சென்டருக்கு வண்டி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. செல்வம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்துத்தான் அந்த வீட்டில் எவரும் உள்ளே போக வேண்டும். அவள் தலையில் பூ வைத்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் தட்டைத் தொடுவாள். பட்டு வளர்ச்சித் துறையின் பயிற்சிக்குப் போய்வந்தவள். வரும் விவசாயிகளுக்கு அவளே வகுப்பெடுப்பாள்.

பின்கதவைத் திறந்ததும் நின்றாள்.

“இன்னா வாசனயிது?”

“புது கேஸு. கம்ப்ரசர் ஆயிலும் புதுசு. அப்பிடித்தான் இருக்கும்.”

“மருந்து மாதிரி அடிக்கிது.”

“எலி செத்துக் கெடந்திச்சு உள்ள. அத எடுத்துட்டுத் தொடச்சிகீறான். செத்த நேரம் ஓடவுட்டா போயிரும்.”

கதவுகளைத் திறந்து வைத்து புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். அவள் உள்ளே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். வாசனை மெலிந்திருந்தது, அல்லது அவள் மூக்குக்குப் பழகிப்போயிருந்தது. வளர்ப்பறைச் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் முப்பதைத் தாண்டிவிட்டதை வேலைக்காரப் பெண் வந்து சொன்னாள். ஈரத்துணி கட்டியும் இறங்கவில்லை.

“ஏத்தலாமா வேணாமா, சொல்லு,” என்றார் திம்மராயன். “நான் ஒண்ணும் சொல்ல மாட்டன். அப்புறம் என் தலைல கட்டுவ.”

“ஏத்துங்க.”

கடைசியில் இறங்க வேண்டிய தட்டு உள்ளே போக வேண்டும். கல்லாவிதான் கடைசி. டிரைவர் பக்கத்துத் தடுப்பிலிருந்து காற்றுப் பைப் திறக்கும் இடத்துக்கு நேர் எதிரே முதல் வரிசையில் ராமப்பனின் தட்டுகளைச் செல்வம்மாளே அடுக்கினாள். “சாயங்காலம் வரைக்கும் கெடக்கணும். அவுனுதுக்கு நல்லா குளுரு படட்டும்,” என்றாள். அடுத்த வரிசைக்கும் அதற்கும் நடுவில் தட்டி ஒன்றை நிறுத்தினாள், குளிர் சிதறாமல் இருக்க.

ஏசி வழியெல்லாம் குறையவில்லை. பர்கூரில் ஓர் இறக்கம், நாகரசம்பட்டியில் மாந்தோப்புகளுக்கு நடுவில் இரண்டு. பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைகள் வழக்கம்போல வண்டியைத் துரத்திவந்து, நடிகர் யாரென்று கேட்டார்கள். “தூங்கறாரு, எழுப்பாதீங்க,” என்றார் திம்மராயன்.

கல்லாவிக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. ராமப்பனின் மனைவி மாரம்மா கற்பூரம் கொளுத்தாமல் மஞ்சள் தண்ணீர் மட்டும் சுற்றிக் கொட்டினாள். ராமப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“ஜில்லுனு கீது மாமா! ரோடு வரைக்கும் ஜில்லுனு கீது!” என்றவன், யாரும் சொல்வதற்கு முன்னால் முதல் தட்டைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டான். மாரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்கா வீட்டுக்காரர் இருக்கிறாரே என்று அடக்கிக்கொண்டாள். எல்லாத் தட்டையும் அவனே இறக்கினான். புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் குறையில்லை.

சனிக்கிழமை மதியம் புழு விழித்தது. இலை போட்டார்கள். சாயங்காலம் ராமப்பன் போன் செய்தான்.  “அக்கா, தலைய இப்பிடியும் அப்பிடியும் ஆட்டுதுக்கா. பச்சையா கக்குது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் திம்மராயனும் செல்வம்மாளும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். அதற்குள் பாதிக்குமேல் சுருண்டு கிடந்தது. மிச்சம் இருந்தவையும் இலையை விட்டு விலகி, வாயில் பச்சைத் தண்ணீர் வடிய நெளிந்துகொண்டிருந்தன. செல்வம்மாள் ஒரு புழுவை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். எடுத்த மாத்திரத்தில் தெரிந்தது.

“மருந்துடா இது. யார் அடிச்சாங்க பக்கத்துல?”

“யாரும் அடிக்கலக்கா. மாந்தோப்புக்காரன கேட்டன். மாசத்துக்கு மேல ஆச்சுங்கறான்.”

“கொசுவத்தி?”

“வூட்லயே இல்லக்கா,” என்றாள் மாரம்மா. “கொசுவு கடிச்சிகினேதான் படுக்கறம்.”

“தழ எங்கேர்ந்து?”

“நம்ம தோட்டம்தான். ஆடு தின்னுது அதே தழய, நல்லாத்தான் கீது.”

திம்மராயன் மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். பர்கூரில் நன்றாக இருக்கிறது. நாகரசம்பட்டியில் ஒருவர் மட்டும் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, வெயிலாக இருக்கும் என்றார். இன்னொருவர், ஜோராகத் தின்கிறது, அடுத்த பேட்சுக்கும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். ஒரே முட்டை, ஒரே அறை, ஒரே வண்டி. செத்தது இங்கே மட்டும்.

செல்வம்மாள் கொட்டகையை மூலைமூலையாகப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்திருந்தது. எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குறை கிடைக்காததே அவளுக்குக் கோபத்தை மூட்டியது.

“தட்ட யார் தொட்டது?”

 ராமப்பன்தான் சொன்னான். “நான்தான்க்கா எறக்கினன்.”

“நீ ஏண்டா தொட்ட? தெரிஞ்சிகினே ஏண்டா தொட்ட? இந்தக் கையி...”

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. ஊரில் யார் யாரோ சொன்னதுதான். அக்கா வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவை வந்தது. ராமப்பன் தன் இரண்டு கைகளையும் ஒருதரம் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனான். புழுவைக் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். மாரம்மா களி கிண்டியிருந்தாள். யாரும் உட்காரவில்லை.

திரும்பும்போது காவேரிப்பட்டணத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது திம்மராயன், “அவன அப்பிடிக் கேட்டிருக்க வேணாம்,” என்றார்.

“வேற இன்னாதான் காரணம்? நீங்க சொல்லுங்க.”

அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமப்பனின் மகன் நவீன்குமாருக்கு ஓசூர் கம்பெனியில் வார விடுமுறை. ஜேசிபி அன்றுதான் வந்தது. மல்பெரிச் செடிகளை வேரோடு பிடுங்கி வரப்பில் குவித்தார்கள். மாரம்மா போன் செய்து சொன்னாள். அழவில்லை. “வெறகுக்கு ஆவும்க்கா, ரெண்டு மாசத்துக்குக் காணும்,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை அடுத்த பேட்ச் ஏற்றுவதற்கு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். திம்மராயனின் கை ஈரமாக இருந்ததால் போனைச் செல்வம்மாள் எடுத்தாள்.

“அண்ணி, ஆஞ்சப்பன் பேசறன். ஏசி எப்பிடி கீது?”

“நல்லா கீதுண்ணா.”

“குளுரு கொறயவே கொறயாது பாருங்க. எறும்பு மறுபடி வந்திச்சா?”

“எந்த எறும்பு?”

“அண்ணன் சொல்லலியா? புளோயர்ல மொய்ச்சிகினு இருந்திச்சி. அண்ணன் ரொம்ப பயந்துட்டாரு, பூச்சிய தின்னுரும்னு. அதான் கரப்பான் ஸ்ப்ரே இருக்குதே, அது ஒரு டப்பா முழுசும் காத்து போற வழியெல்லாம் வுட்டு அடிச்சிட்டன். பைப்புக்குள்ளயும் அடிச்சன். அதுக்குத் தனியா ஒண்ணும் வேணாம்னுட்டன். நம்ம வண்டி மாதிரி. ஆறு மாசத்துக்கு ஒரு எறும்பு எட்டிப் பாக்காது.”

செல்வம்மாள் வண்டியின் பின்கதவுப் பக்கம் திரும்பினாள். உள்ளே பைப்பின் வாய் தெரிந்தது. அதற்கு எதிரே முதல் வரிசை.

“அண்ணி? லைன்ல கீறீங்களா? எறும்பு வந்திச்சா?”

“வரலண்ணா,” என்றாள். “ஒண்ணுகூட வரல.”

போனை வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். திம்மராயன் அவள் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை குழாயை மூடவில்லை. தண்ணீர் அவர் காலைச் சுற்றி ஓடியது.

“நான் தூங்கிட்டன்,” என்றார். “பாத்துக்கறன்னு சொன்னான், நான் தூங்கிட்டன்.”

“எனுக்கு வாசன தெரிஞ்சிதே. எனுக்குத் தெரிஞ்சிதே.”

அன்றைய பேட்சை வாடகை வண்டியில் அனுப்பினார்கள். மறுநாள் இரண்டு பேரும் கல்லாவிக்குப் போனார்கள். போனில் சொல்ல வேண்டாம் என்று செல்வம்மாள் சொல்லிவிட்டாள்.

நிலம் வெறுமையாகக் கிடந்தது. கொட்டகைக் கூரையின் தகரத்தைப் பாதி கழற்றியிருந்தார்கள். மாரம்மா அடுப்பில் மல்பெரிக் கட்டை எரிந்துகொண்டிருந்தது. ராமப்பன் நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் பீடியை அணைக்கப் போனான்.

“இருக்கட்டும்டா, புடி,” என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எலி, எறும்பு, ஸ்ப்ரே, பைப், முதல் வரிசை. அவனுடைய தட்டுகளைத் தானே தேடி எடுத்து அங்கே வைத்ததையும் சொன்னாள்.

ராமப்பன் முழுதும் கேட்டான். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அப்ப என் கை இல்லியாக்கா?”

“இல்லடா.”

மாரம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். கையில் களிக் கோல் இருந்தது. “நான் இவர உள்ளயே வுடலியே,” என்றாள். “ஒரு தழ போட வுடலியே.” கோலைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“வுடு வுடு,” என்றான் ராமப்பன். “அந்த மெக்கானிக்குகிட்ட சொன்னியாக்கா?”

“இல்ல.”

“சொல்லாத. அவன் நல்லதுக்குத்தான் பண்ணான். அவன் வேற ராத்திரில தூங்க மாட்டான்.”

“தோட்டத்த மறுபடி வச்சிக்கலாம்டா. நடறதுக்குக் குச்சி நான் தரன்,” என்றாள் செல்வம்மாள்.

“நவீனு லாரி நிறுத்தறவனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டான்க்கா. அவனையும் சொல்லக்கூடாது. ரெண்டு வருசம் பாத்தான்.” அவன் எழுந்து, அக்காவுக்குக் கட்டிலை இழுத்துப் போட்டான். “ஒக்காரு. களி ஆறிடும்.”

அன்று உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கேரவனின் புளோயர் பெட்டியையும் பைப்பையும் திம்மராயன் வேறு ஒரு பட்டறையில் கழற்றிப் புதிதாக மாட்டினார். ஏன் என்று அந்த மெக்கானிக் கேட்டதற்கு, பழசாகிவிட்டது என்றார்.

ஜூன் மாதம் ராமப்பனின் நிலத்தில் குவாரிக் கழிவுக் கல்லைக் கொட்டி ரோலர் ஓட்டினார்கள். இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன. கேட்டைத் திறந்துவிடும் வேலையை ராமப்பன் பார்க்கிறான்.